ஆடும் மெயில்பாக்ஸ் கம்பம்: வாசகர் கேள்வி பதில்

பனி உருகி மண் இளகியதும் அமெரிக்க வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் மெயில்பாக்ஸ் கம்பத்துக்கு, அதாவது வீட்டின் முன் சாலையோரத்தில் தபால் பெட்டியைத் தாங்கும் கம்பத்துக்கு, எப்போதும் ஓர் இடம் உண்டு. இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: எங்கள் மெயில்பாக்ஸ் நிற்கும் 4-க்கு-4 (அங்குலக் கணக்கில்) மரக் கம்பம் சாலைப் பக்கம் சாய்ந்துவிட்டது. கையால் நிமிர்த்தினால் நிற்கிறது. இரண்டு நாளில் மறுபடி சாய்கிறது. அடியில் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றினால் சரியாகிவிடுமா? — ஓஹையோ வாசகர்

பதில்: அவசரப்பட்டு ஊற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே தளர்ந்த மண்ணின் மேல் நாலைந்து அங்குல ஆழத்தில் ஊற்றும் கான்கிரீட் வளையம் எதையும் பிடித்துக்கொள்ளாது. கம்பம் ஆடும்போது அதுவும் சேர்ந்து ஆடும். போதாததற்கு மழைநீரை மரத்தோடு ஒட்டித் தேக்கிவைக்கும்.

முதலில் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். பெட்டியை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே தரைமட்டத்தைப் பாருங்கள். கம்பம் அசையாமல் பெட்டி மட்டும் அசைந்தால் கோளாறு பலகையிலும் ஸ்க்ரூவிலும். கம்பத்தைச் சுற்றி மண்ணில் இடைவெளி திறந்து மூடினால் மண் தளர்ந்திருக்கிறது. பழைய கான்கிரீட் இருந்து, அதற்குள் மரம் மட்டும் ஆடினால் மரம் இற்றுவிட்டது. கான்கிரீட்டும் மரமும் ஒன்றாக ஆடினால் அந்தக் கட்டியே மண்ணில் பிடிப்பை இழந்துவிட்டது. இந்த நான்குக்கும் மருந்து வெவ்வேறு.

அடுத்து, கம்பத்தைச் சுற்றி 6 அங்குலம் மண்ணை விலக்கிவிட்டு ஒரு ஸ்க்ரூடிரைவரால் மரத்தைக் குத்திப் பாருங்கள். தரைக்கு மேல் 2 அங்குலத்திலிருந்து கீழே 6 அங்குலம் வரை, நான்கு பக்கமும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு, மேலே ஈரம் குறைவு. இரண்டும் சேர்ந்து கிடைப்பது தரைமட்டத்தில்தான். பிடுங்கிப் பார்த்தால் அடிநுனி புத்தம் புதிதாக இருக்கும், தரையை ஒட்டிய கழுத்து மட்டும் பாதியாகத் தேய்ந்திருக்கும். முனை கால் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் மரம் நன்றாக இருக்கிறது. அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அடுத்த பதிலுக்குப் போங்கள்.

மரம் நன்றாக இருந்தால் அரை நாள் வேலைதான். கம்பத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 4 அங்குல அகலத்துக்கு, 14 அங்குல ஆழத்துக்கு மண்ணை எடுங்கள். கம்பத்தை நிமிர்த்தி, அடுத்தடுத்த இரண்டு முகங்களில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு முகத்தில் மட்டும் பார்த்தால் மறுபக்கச் சாய்வு தப்பிவிடும். பெட்டியின் மேல் ரசமட்டம் வைக்காதீர்கள்; பெட்டியே கோணலாக இருக்கலாம். மட்டம் சரியானதும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் இரண்டு 2-க்கு-4 சட்டங்களால் முட்டுக் கொடுத்து, தரையில் முளை அடித்துப் பிணையுங்கள்.

இப்போது தூளோடு கலந்த உடைகல் ஜல்லி. முக்கால் அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள கலவை. கடையில் அழகாக இருக்கிறதே என்று உருண்டைக் கூழாங்கல்லை வாங்கிவிடாதீர்கள். அது நீரை வடியவிடும், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு நகரும்; கம்பத்தைப் பிடிக்காது. உடைகல்லுக்கு முனைகள் உண்டு, தூள் இடுக்குகளை அடைக்கும், இடித்தால் பூட்டிக்கொள்ளும். 4 அங்குலத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்குங்கள். தட்டை அடி கொண்ட திமிசுக் கட்டை அந்த 4 அங்குல இடைவெளியில் இறங்காது. கடப்பாரையின் தட்டையான முனையோ, ஒரு 2-க்கு-4 துண்டின் நுனியோ போதும். முதலில் ‘பொத்’ ‘பொத்’ என்று அமுங்கும் சத்தம் வரும். கல்லில் அடிப்பதுபோலச் சத்தம் கூர்மையாகி, கடப்பாரை கையில் எகிறத் தொடங்கினால் அந்த அடுக்கு இறுகிவிட்டது. மேல் 3 அங்குலத்துக்கு மட்டும் மண் போட்டு, கம்பத்திலிருந்து விலகிச் சரியுமாறு குவித்துவிடுங்கள். அரை கன அடி மூட்டை இரண்டு ஆகும். இடிக்க இடிக்க அளவு சுருங்குவதால் மூன்றாவதைக் கைவசம் வைத்திருப்பது நல்லது.

சாலைப் பக்கமே சாய்வதற்குக் காரணம் உண்டு. பெட்டி கம்பத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் எடை அந்தப் பக்கம் இழுக்கிறது. சாலையோரத்து மண்ணும் நீர் தேங்கி இளகியிருக்கும். எனவே இடிக்கும்போது சாலைப் பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கையைப் போடுங்கள்.

கேள்வி: ஸ்க்ரூடிரைவர் ஒரு அங்குலம் உள்ளே போகிறது. மேல்பாதி உறுதியாகத்தான் இருக்கிறது. முழுக் கம்பத்தையும் மாற்றியே ஆகவேண்டுமா? — ஜார்ஜியா வாசகர்

பதில்: கம்பம் கான்கிரீட்டில் நிற்கிறது, அந்தக் கான்கிரீட் ஆடவில்லை என்றால் மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு. எஃகுத் தகடு இரண்டை மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே சம்மட்டியால் இறக்கி, மேல்பகுதியை நல்ல மரத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்குவது. வேலிக் கம்பத்துக்கென்றே விற்கிறார்கள். சில ஆண்டுகள் தாங்கும். ஆனால் இற்ற மரம் உள்ளேயே இருப்பதால் அது ஒட்டுப்போட்ட வேலைதான். ஒரு கம்பத்தின் விலை பெரிதல்ல. மாற்றிவிடுங்கள் என்பதே எங்கள் கட்சி.

மரம் வாங்கும்போது நுனியில் அடித்திருக்கும் சீட்டைப் படியுங்கள். ‘கிரவுண்ட் காண்டாக்ட்’ என்றோ ‘யூசி4ஏ’ என்றோ இருக்கவேண்டும். ‘அபவ் கிரவுண்ட்’ என்று போட்டது பார்வைக்கு அதேபோலப் பச்சையாக இருந்தாலும் மரம் இற்றுப்போகாமல் காக்கும் மருந்து அதில் குறைவு. மண்ணில் நடக் கூடாது. 4-க்கு-4 என்பது பெயர்தான், உண்மையில் மூன்றரைக்கு மூன்றரை.

நீளக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெட்டியின் அடிப்பகுதி சாலையின் பரப்பிலிருந்து 41 முதல் 45 அங்குல உயரத்தில் இருக்கவேண்டும் என்பது அமெரிக்கத் தபால் துறையின் விதி. புல்தரையிலிருந்து அளக்கக் கூடாது. உதாரணமாக, கம்பம் நிற்கும் தரை சாலையைவிட 4 அங்குலம் மேடு, பெட்டியை 43 அங்குலத்தில் வைக்கிறீர்கள் என்றால் தரைக்கு மேல் 39 அங்குலம். பெட்டிக்கு அடியிலுள்ள பலகை முக்கால் அங்குலம். அது போக 38¼. மண்ணுக்குள் 24. ஆக 62¼ அங்குலம். 6 அடிக் கட்டை தாராளம். பெட்டியின் வாய் கர்பிலிருந்து (சாலையோரக் கல்வரம்பு) 6 முதல் 8 அங்குலம் உள்ளே இருக்கட்டும். கர்ப் இல்லாத சாலை என்றால் இடைவெளி எவ்வளவு என்று உங்கள் தபால் நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அறுத்த நுனி மேலே வரவேண்டும், ஆலையிலிருந்து வந்த நுனி மண்ணுக்குள். மருந்து மரத்தின் நடு வரை ஏறியிருக்காது. அறுத்த முகத்தில் நடுவில் வெளிர் நிறம் தெரியும், அங்கே பாதுகாப்பு இல்லை. அந்த முகத்தில் காப்பர் நாஃப்தனேட் என்ற மரக்காப்பு மருந்தை இரண்டு பூச்சு அடித்து, மேலே ஒரு தொப்பி பொருத்துங்கள்.

தோண்டும் முன், நிலத்தடிக் குழாய்களும் கம்பிகளும் எங்கே ஓடுகின்றன என்று குறித்துத்தரும் 811 சேவைக்குப் போன் செய்யுங்கள். இலவசம். சில வேலை நாட்களுக்கு முன்பே சொல்லவேண்டும். எத்தனை நாள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆட்கள் வந்து தரையில் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை சாக்கடை. சாலையோரப் பட்டையில்தான் இத்தனையும் ஓடுகின்றன, மெயில்பாக்ஸும் அங்கேதான் நிற்கிறது. உங்கள் சொந்த ஸ்பிரிங்ளர் குழாயை அவர்கள் குறிக்கமாட்டார்கள், அதை நீங்களே நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பழைய கம்பம் 2004-க்கு முந்தையது என்றால் அதில் ஆர்செனிக் கலந்த மருந்து இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டு உபயோக மரத்தில் அந்த வகை 2003 இறுதியோடு நிறுத்தப்பட்டது. அடுப்பிலோ குப்பையிலோ போட்டு எரிக்கக் கூடாது. பதப்படுத்திய எந்த மரத்தையும் எரிக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

கேள்வி: புதுக் கம்பத்துக்குக் கான்கிரீட்டா, ஜல்லியா? எத்தனை மூட்டை?

பதில்: எங்கள் ஓட்டு ஜல்லிக்கு. வலு அதிகம் என்பதற்காக அல்ல, போதுமான வலு என்பதற்காக. மெயில்பாக்ஸ் கம்பம் கார் மோதினால் முறிந்தோ சாய்ந்தோ விழவேண்டும். காருக்குள் இருப்பவரைக் கொல்லக் கூடாது. அதனால்தான் 4-க்கு-4 மரம் அல்லது 2 அங்குல விட்டமுள்ள சாதாரண எஃகு, அலுமினியக் குழாய் போதும் என்றும், 24 அங்குலத்துக்கு மேல் புதைக்காதீர்கள் என்றும் அறிவுறுத்துகிறார்கள். வேகமான சாலைகளில் கான்கிரீட்டில் நடுவதையே அனுமதிக்காத மாநில, கவுன்ட்டி விதிகளும் உண்டு. ஊற்றும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜல்லி என்றால் முறை முதல் பதிலில் சொன்னதுதான்: 4 அங்குல அடுக்குகள், ஒவ்வொன்றையும் இடித்து. 24 அங்குல ஆழம் என்பதால் பொறுமை அதிகம் வேண்டும். கடைசி இரண்டு அடுக்கை மட்டும் இடித்துவிட்டு ‘நன்றாக நிற்கிறதே’ என்று விட்டால் அடுத்த வசந்தத்தில் இதே கேள்வியை அனுப்புவீர்கள்.

விதி அனுமதித்து, கான்கிரீட்தான் வேண்டும் என்றால்: 10 அங்குல விட்டம், 30 அங்குல ஆழத்தில் குழி. அடியில் 6 அங்குலம் ஜல்லி போட்டு இடித்து, அதன்மேல் கம்பத்தை நிறுத்துங்கள். இந்த ஜல்லியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். கம்பத்தின் அடியிலும் கான்கிரீட் சூழ்ந்துவிட்டால் அது ஒரு கிண்ணம். மரம் சுருங்கியதும் இடைவெளி வழியே இறங்கும் மழைநீர் அங்கேயே தங்கி மரத்தை இற வைக்கும். அடிநுனி ஜல்லியில் நின்றால் நீர் வடிந்துவிடும். தரைக்கு 4 அங்குலம் கீழே வரை, அதாவது 20 அங்குல உயரத்துக்கு நிரப்ப முக்கால் கன அடிக்குச் சற்று அதிகம் தேவை. சீக்கிரம் இறுகும் வகை 50 பவுண்டு மூட்டை ஒன்று 0.375 கன அடி தரும். கணக்குப்படி இரண்டு மூட்டைக்குச் சற்று மேல். நடைமுறையில் குழி எப்போதும் நினைத்ததைவிட அகன்றுபோகும் என்பதால் மூன்று.

இந்த வகையைக் கலக்கத் தேவையில்லை. உலர்ந்த தூளைக் குழியில் கொட்டி, மூட்டைக்குச் சுமார் ஒரு காலன் கணக்கில் தண்ணீரை மெல்ல ஊற்றவேண்டும். 20 முதல் 40 நிமிடத்தில் இறுகும். மட்டம் சரிபார்ப்பதெல்லாம் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே முடிந்திருக்கவேண்டும். பெட்டியை மாட்ட 4 மணி நேரம் பொறுங்கள். மேற்பரப்பைக் கரண்டியால் கம்பத்திலிருந்து வெளிப்பக்கம் சரிவாக இழுத்துவிடுங்கள்.

மரத்துக்குப் பதில் உருண்டைக் குழாய் நடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது சாயாது, சுழலும். காற்றும் கடிதம் போடுபவரின் கையும் சேர்ந்து பெட்டியை வீட்டுப் பக்கம் திருப்பிவிடும். குழாயின் அடியிலிருந்து 4 அங்குலத்தில் குறுக்கே ஒரு துளை போட்டு, இருபுறமும் 2 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்குமாறு போல்ட் ஒன்றைச் செருகிவிட்டு நடுங்கள்.

கேள்வி: பழைய கம்பம் தரையோடு முறிந்துவிட்டது. உள்ளே இருக்கும் கான்கிரீட் கட்டியை எப்படி எடுப்பது?

பதில்: எடுக்காமலிருக்க வழி உண்டா என்று முதலில் பாருங்கள். கட்டி உறுதியாக, நேராக நின்றால் உள்ளே இருக்கும் இற்ற மரத்தை உளியாலும் ட்ரில்லாலும் தோண்டி எடுத்துவிட்டு, அதே சதுரப் பொந்தில் புதுக் கம்பத்தை இறக்கலாம். அடியில் கான்கிரீட் மூடியிருந்தால் கடப்பாரையால் உடைத்துத் துளையிடுங்கள். மிஞ்சும் இடுக்கில் ஜல்லித் தூளை இறக்கி இறுக்குங்கள்.

எடுத்தே ஆகவேண்டும் என்றால், சாதாரண அளவுக் கட்டி 110 பவுண்டுக்குக் குறையாது. ஒரு பக்கம் மட்டும் கட்டியின் முழு ஆழத்துக்கும் மண்ணை எடுங்கள். நான்கு பக்கமும் தோண்டுவது வீண் உழைப்பு. எடுத்த பக்கம் கட்டியைச் சாய்த்தால் மண்ணின் பிடி விட்டுவிடும். பிறகு மீந்த மரத்தில் அரை அங்குல லேக் ஸ்க்ரூ (தடித்த மரத் திருகு) இரண்டு முடுக்கி, சங்கிலி கோத்து, பலகையின் மேல் வைத்த பண்ணை ஜாக்கியால் (நெம்பித் தூக்கும் உயரமான ஜாக்கி) தூக்குங்கள். மரம் நைந்து ஸ்க்ரூ பிடிக்காவிட்டால் சங்கிலியைக் கட்டியின் இடுப்பிலேயே சுற்றுங்கள். காரில் கட்டி இழுக்கவேண்டாம். சங்கிலி அறுந்து திரும்பினால் அது வந்து விழும் இடம் கண்ணாடியாகவோ கழுத்தாகவோ இருக்கும்.

கேள்வி: ஒவ்வொரு குளிர்காலம் முடியும்போதும் எங்கள் கம்பம் ஒரு அங்குலம் மேலே எழுந்து நிற்கிறது. ஆழமாக நடவில்லையா? — மினசோட்டா வாசகர்

பதில்: ஆழத்தால் நீங்கள் ஜெயிக்க முடியாது. உங்கள் மாநிலத்தில் கட்டட அடித்தளத்துக்கான உறைபனி ஆழம் தெற்கே 42, வடக்கே 60 அங்குலம். கம்பத்தையோ 24-க்கு மேல் புதைக்கக் கூடாது. எனவே அது உறையும் மண்ணுக்குள்ளேதான் நிற்கும். ஈர மண் உறையும்போது கம்பத்தின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்து மேலே தூக்குகிறது. அடியில் உண்டாகும் இடைவெளியில் மண் சரிந்து விழுவதால், உருகிய பிறகும் பழைய இடத்துக்கு இறங்குவதில்லை. கான்கிரீட்டின் மேல்வாய் காளான்போல அகன்று வழிந்திருந்தால் பனி பிடித்துத் தூக்க நல்ல விளிம்பு கிடைத்துவிடும். பெரும்பாலும் குழியின் வாய் இடிந்து அகன்றதால் வரும் கோளாறு அது.

மருந்து வடிகால். கட்டியை எடுத்துவிட்டுக் குழி முழுவதையும் ஜல்லியால் நிரப்புங்கள். இங்கே மட்டும் தூள் குறைந்த உடைகல் நல்லது. தூள் அதிகமானால் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர் நில்லாத இடத்தில் பனிக்குத் தூக்க ஒன்றும் இல்லை. களிமண் தரையில் குழியே ஒரு தொட்டியாகிவிடும். அடியை இன்னும் 6 அங்குலம் ஆழப்படுத்திக் கல்லை நிரப்புங்கள், தரைச் சரிவைச் சாலைப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: பனி தள்ளும் வண்டி ஆண்டுதோறும் கம்பத்தைச் சாய்த்துவிடுகிறது. இன்னும் தடித்த கம்பம் போடலாமா?

பதில்: கூடாது. முன்பே சொன்ன மோதல் விதியும் தடை, பயனும் இல்லை. பெரும்பாலும் வண்டியின் தகடு இடிப்பதில்லை. அது வீசியெறியும் கனத்த ஈரப்பனிதான் கம்பத்தையும் பெட்டியின் முகத்தையும் அறைகிறது. கம்பத்தைச் சாலையிலிருந்து 3, 4 அடி தள்ளி நட்டு, பெட்டியை நீண்ட கையின் நுனியில் வையுங்கள். கை கம்பத்தில் கீல்போலச் சுழலும்படி அமைத்தால் அடிபடும்போது விலகிக்கொடுக்கும். அந்த நீளத்துக்குக் கை தொங்கிப்போகும் என்பதால் 45 பாகை முட்டு அவசியம். சுழலும் கை என்றால் முட்டும் கையோடு சேர்ந்தே சுழலவேண்டும். முட்டுச் சட்டத்தை நிலையாகக் கம்பத்தில் அறைந்துவிட்டுக் கை ஏன் திரும்பவில்லை என்று கேட்காதீர்கள்!

கேள்வி: கம்பம் உறுதி. பெட்டி மட்டும் கடகடவென்று ஆடுகிறது. ஸ்க்ரூ துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது.

பதில்: பதப்படுத்திய மரத்திலுள்ள செம்பு சாதாரண ஸ்க்ரூவைத் தின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் அல்லது ஹாட்-டிப் கால்வனைஸ்டு (உருகிய துத்தநாகத்தில் தோய்த்தது) மட்டும் வாங்குங்கள். பெட்டி அலுமினியமாக இருந்தால் அது மரத்தை நேரடியாகத் தொடாதபடி ஒரு பிளாஸ்டிக் படலம் வைக்கவேண்டும்.

பெட்டியின் அடிவிளிம்பு கீழ்நோக்கி மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் இறுக்கமாக உட்காரும் அகலத்தில் பலகை வெட்டுங்கள். இருபுறமும் மொத்தமாகக் கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஸ்க்ரூ முடுக்கும்போது தகரம் உள்வாங்கிக் கதவு மூடாது. முதலில் பலகையைக் கம்பத்தில் மூன்றங்குல ஸ்க்ரூ நான்கால் பொருத்தி, பிறகு பெட்டியைக் கவிழ்த்துப் பக்கவாட்டு மடிப்பு வழியே பக்கத்துக்கு மூன்று குட்டை ஸ்க்ரூ போடுங்கள். பலகையின் நுனி கதவின் கீலைத் தடுக்காமல் முன்பக்கம் அரை அங்குலம் உள்ளே இருக்கட்டும்.

கேள்வி: குழியே தோண்டாமல் தரையில் அறையும் எஃகு முளை விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: கல் இல்லாத, இறுகிய மண்ணுக்குச் சரி. வேரோ கல்லோ தட்டினால் முளை இறங்கும்போதே திருகிக்கொள்ளும், பெட்டி சாலையைப் பார்க்காமல் அடுத்த வீட்டைப் பார்க்கும். முளையின் தலையில் கம்பம் உட்காரும் கூட்டுக்குள் ஒரு துண்டு 4-க்கு-4 வைத்து அதன்மேல்தான் சம்மட்டி விழவேண்டும். நேரடியாக அடித்தால் வாய் நசுங்கிக் கம்பம் நுழையாது. ஓர் அடிக்கு ஒரு முறை ரசமட்டம் பாருங்கள். மணல் தரைக்கு வேண்டாம். 811 இதற்கும் உண்டு.

கேள்வி: செங்கல் தூணில் பதித்த பெட்டி, தூண் சாய்கிறது. நிமிர்த்த முடியுமா?

பதில்: நீங்களாக வேண்டாம். அடித்தளம் இறங்கியிருக்கிறது, ஆயிரம் பவுண்டைத் தாண்டக்கூடிய கனம். பிரித்துவிட்டு மரக் கம்பம் நடுவது மலிவு, சாலைக்கும் பாதுகாப்பு.

கேள்வி: வேலை நடக்கும் நாட்களில் தபாலுக்கு என்ன செய்வது?

பதில்: 5 காலன் வாளியின் நடுவில் 4-க்கு-4 துண்டை நிறுத்தி, சுற்றிலும் மீதி ஜல்லியை இடித்து நிரப்பி, மேலே பெட்டியை மாட்டுங்கள். துண்டின் நீளத்தை, பெட்டியின் அடி அதே 41 முதல் 45 அங்குலத்துக்குள் வரும்படி வெட்டிக்கொள்ளுங்கள். பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே, வண்டியிலிருந்து கை எட்டும்படி வைத்துவிட்டுத் தபால் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காற்று பலமாக இருந்தால் வாளியை ஒரு முளையோடு கட்டிவிடவும்.